கொடியை இறக்கியவர் துரோகியா?

சாயங்காலம் பசெம்போர் சாப்பிட பாடாங் கோத்தாவுக்குப் போகிறோம். படம் பிடிக்கிறோம், காற்று வாங்குகிறோம். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. 1941 டிசம்பரில் அந்தக் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் கீழே இறக்கியவர் ஒரு தமிழர். இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் பாதிப் பேர் நம்புவதில்லை. "சும்மா சொல்றீங்கண்ணே" என்கிறார்கள்.

சும்மா சொல்லவில்லை. அவர் பெயர் மாணிக்கசோதி சரவணமுத்து. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், பினாங்கிலிருந்து வெளிவந்த 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர். (கிரிக்கெட் பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு தகவல்: கொழும்பில் உள்ள பி. சரா மைதானம் இவருடைய சகோதரர் பெயரில்தான் இருக்கிறது.) பிரிட்டிஷ் ஆட்சியில் படித்து, அந்த ஆட்சியில் வேலை பார்த்து, அதன் மொழியில் எழுதிப் பிழைத்தவர். அப்படிப்பட்டவர் அந்தக் கொடியை இறக்கினார். அது தர்மமா, துரோகமா? எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதை எடுத்து ஒரு மாதம் பேசினோம். சண்டையே வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதல் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் நடந்தது. பேர்ல் துறைமுகத்தில்தான் பசிபிக் போர் தொடங்கியது என்று எல்லாப் படத்திலும் காட்டுகிறார்கள். நம் கிளந்தான் கடற்கரைதான் முதலில் என்பதை யாரும் படமெடுக்கவில்லை.

டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மேல் குண்டு விழுந்தது. பினாங்கில் விமானத்தைச் சுட ஒரு பீரங்கிகூட இல்லை. ஜனங்களுக்கு விமானத் தாக்குதல் என்றால் என்னவென்றே தெரியாது. சத்தம் கேட்டதும் ஒளிந்துகொள்ளாமல் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டம் கூடிய தெருக்களிலேயே குண்டு விழுந்தது, மேலிருந்து துப்பாக்கியாலும் சுட்டார்கள். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அடுத்த நாட்களிலும் விமானங்கள் வந்தன. பிணம் எடுக்க ஆளில்லை, குப்பை அள்ள ஆளில்லை, கடைகளை உடைத்துக் கொள்ளையடித்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. டிசம்பர் 13 வாக்கில் வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் இரவோடு இரவாக அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் 16 இரவு மீதி வெள்ளைக்காரர்களும் கிளம்பினார்கள். அதிகாரிகள், கம்பெனி துரைகள், ராணுவத்தார் எல்லாரும் படகேறிவிட்டார்கள். ஊர் ஜனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர், யுரேஷியர் என்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது அரசாங்கம் இல்லை. கோட்டையில் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

அந்தக் கொடிதான் பிரச்சினை. கொடி பறக்கிற வரைக்கும் ஜப்பான்காரனுக்கு அது எதிரி ஊர். குண்டு போடுவான். சரவணமுத்துவும் ஊரில் மிஞ்சிய பல இனப் பெரியவர்களும் கூடி ஒரு குழு அமைத்தார்கள். உணவு, தண்ணீர், காவல் எல்லாவற்றையும் அந்தக் குழு கையில் எடுத்தது. அவர் கோட்டைக்குப் போய் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். பிரிட்டிஷார் போகிற அவசரத்தில் வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். அதன் மூலம், "பினாங்கில் பிரிட்டிஷ் படை இல்லை, குண்டு போடாதீர்கள்" என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் ஊருக்குள் வந்தார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு தம்பி கையைத் தூக்கினான். "அண்ணே, உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? கும்பகர்ணன் என்ன செஞ்சான்? அண்ணன் செய்றது தப்புன்னு தெரிஞ்சும் அவனுக்காகச் செத்தான். கர்ணன்? செஞ்சோற்றுக் கடன். இவரு வெள்ளைக்காரன் சம்பளத்துல வாழ்ந்துட்டு, கஷ்டம் வந்ததும் எதிரிக்குத் தகவல் சொல்லிட்டாரே!"

நல்ல கேள்வி. சிரித்துத் தள்ளிவிட முடியாத கேள்வி. அந்த அறிவிப்பு ராணுவக் கணக்கில் ஜப்பானியருக்கு உதவிதான். இதை மறைக்கக் கூடாது.

ஆனால் அவனுக்குப் பதில் நான் சொல்வதற்குள் பின் வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி சொன்னாள்: "கும்பகர்ணனோட அண்ணன் ஓடலையே!"

வகுப்பே அடங்கிவிட்டது. எனக்கும் அதைவிட நல்ல பதில் தெரியாது. ராவணன் என்ன குற்றம் செய்தாலும் இலங்கையை விட்டுப் படகேறவில்லை. தம்பி செத்தான், மகன் செத்தான், கடைசியில் அவனும் களத்தில் செத்தான். கர்ணன் உயிர் விட்ட நாளிலும் துரியோதனன் அதே குருக்ஷேத்திரத்தில்தான் நின்றான். செஞ்சோற்றுக் கடன் என்பது இரண்டு கையால் போடுகிற முடிச்சு. சோறு போட்டவன் தன் கையை எடுத்துக்கொண்டு ராத்திரியில் போய்விட்டால், சாப்பிட்டவன் மட்டும் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

அந்தத் தம்பியும் விடவில்லை. அடுத்த வாரம் புத்தகம் பார்த்துவிட்டு வந்தான். "ராமரும்தானே ராத்திரியில போனாரு? அயோத்தி ஜனமெல்லாம் தமசா நதிக்கரையில தூங்கறப்போ தேரை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரே?" உண்மைதான், வால்மீகியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ராமர் எங்கே போனார்? காட்டுக்கு. ஜனங்களை விட்ட இடம் வீடு திரும்பும் வழி. கஷ்டத்தைத் தான் எடுத்துக்கொண்டு ஜனத்தைப் பத்திரமான பக்கம் விட்டுப் போனார். பினாங்கில் நடந்தது இதைத் தலைகீழாகத் திருப்பினால் வருவது. இருளில் போவது ஒரே மாதிரி தெரியலாம், எந்தத் திசையில் போனார்கள் என்று பார்க்க வேண்டும்.

இனி, அந்தச் சோறு யாருடையது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். இங்கேதான் நம் ஆட்கள் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "வெள்ளைக்காரன் சோறு போட்டான்" என்று நம் தாத்தா காலத்தில் சொல்வார்கள். உண்மையில் விடியற்காலை தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டி, மங்கில் பால் எடுத்து, வாளியில் சுமந்தது யார்? அந்த ரப்பரை அதிகமாக வாங்கியது அமெரிக்கா. அந்த டாலர்தான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு மலாயா சம்பாதித்துக் கொடுத்தது. செபராங் பிறையில் லயத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பாட்டி வெட்டிய பால், அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் காருக்கு டயராக ஓடியது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

போர் வந்ததும் இந்தக் கயிறு அறுந்தது. எப்படி அறுந்தது என்பதில் அமெரிக்க அரசுக்கும் பங்குண்டு. பல வருஷம் ஜப்பான் சீனாவில் ஊர் ஊராகக் கொளுத்தியபோது அமெரிக்கா அதற்குப் பழைய இரும்பும் எண்ணெயும் விற்றது. 1941 ஜூலையில் ஜப்பான் தென் இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும்தான் ரூஸ்வெல்ட் ஜப்பானின் சொத்துகளை முடக்கினார், எண்ணெய் நின்றது. எண்ணெயில் பெரும்பகுதியை அமெரிக்காவிடமே வாங்கிய ஜப்பான், டச்சுக்காரர் கையிலிருந்த இந்தோனேசிய எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்துத் திரும்பியது. மலாயா அந்த வழியில் இருந்தது. எண்ணெயை நிறுத்தியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், விற்றதுதான் தப்பு. ஆனால் வாஷிங்டனில் எடுத்த முடிவுக்கு முதலில் விலை கொடுத்தவர்களில் கோத்தா பாருக்காரனும் பினாங்குக்காரனும் உண்டு. அவர்களை யாரும் கேட்கவில்லை.

மலாயா விழுந்ததும் அமெரிக்கா தவித்துவிட்டது. அவர்களுக்கு வந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 1942 ஜனவரி முதல் வாரத்திலேயே டயருக்கு ரேஷன் வந்துவிட்டது. ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மணிக்கு 35 மைல் வேகம்தான். 1942 ஜூனில் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, பழைய டயர், மழைக்கோட்டு, தோட்டத்துக் குழாய், ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுங்கள், ஒரு ராத்தலுக்கு ஒரு காசு என்று கேட்டார். ஜனம் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தது. அந்த வருஷம் டிசம்பரில் நாடு முழுவதும் பெட்ரோலுக்கு ரேஷன். அமெரிக்காவில் மொத்தமாகப் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து அப்படிச் செய்யவில்லை, காரை ஓடாமல் வைத்து டயரைக் காப்பாற்றத்தான் முக்கியமாக அதைக் கொண்டுவந்தார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு வாரத்துக்கு மூன்று நான்கு கேலன். அவர்கள் அதைத் தியாகம் என்று சொன்னார்கள். அது தியாகம்தான், குறை சொல்லவில்லை.

அதே வருஷம் இங்கே? ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டங்கள் மூடின. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் நின்றுபோனதால் மரவள்ளிக் கிழங்குதான் சோறு. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு குப்பையானது. கடிகாரத்தைக்கூட ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். (ஜப்பான் படை சைக்கிளில் வந்தது தெரியும்தானே? டயர் வெடித்ததும் ரப்பர் விளைகிற நாட்டிலேயே வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டிக்கொண்டு போனார்கள்.) வேலையில்லாத தோட்டத்து ஆட்களை, "சயாமுக்கு வா, நல்ல சம்பளம், மூணு மாசத்துல திரும்பிடலாம்" என்று கூப்பிட்டார்கள். வராதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை, காலரா, மலேரியா, புண், பட்டினி. அமெரிக்கன் டயரை விட்டான், நம் ஆள் உயிரை விட்டான், இரண்டுக்கும் ஆரம்பம் அதே பால் மரம்.

அங்கே வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக, பெயரோடு, புல் வெட்டிச் சுத்தமாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அப்படிப் பெயர் எழுதிய வரிசை கிடையாது. படகில் இடம் கொடுக்கும்போது போட்ட பட்டியல், செத்த பிறகும் அப்படியே நீடித்தது.

பட்டியல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்துப் பெரிய வாக்குறுதிகள் எல்லாவற்றிலும் இது ஒளிந்திருந்தது. 1941 ஆகஸ்ட் 14 அன்று ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனம் வெளியிட்டார்கள். எந்த ஜனமும் தன் ஆட்சியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்றது அது. ஒரு மாதம் ஆகவில்லை, செப்டம்பர் 9 அன்று சர்ச்சில் பாராளுமன்றத்தில் எழுந்து, அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பியருக்கு, இந்தியா பர்மாவுக்கெல்லாம் இல்லை என்கிற பொருளில் விளக்கம் சொன்னார். ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரியில், சாசனம் உலகம் முழுவதுக்கும்தான் என்றார். நல்ல வார்த்தை. ஆனால் அதே பிப்ரவரியில், நான்கு நாள் முன்னால்தான் அவர் வேறொரு உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாமில் அடைத்தது அந்த உத்தரவு. மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். முகத்தைப் பார்த்துப் போட்ட பட்டியல். அதற்கு 1988-இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

பிரிட்டிஷார் பக்கம் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. லட்சம் பேரை ஏற்ற அவர்களிடம் கப்பல் இல்லை. வெள்ளைக்காரர்கள் ஜப்பானியரிடம் சிக்கினால் சிறை நிச்சயம், உள்ளூர்க்காரன் ஊரில் கலந்துவிடுவான் என்று நினைத்திருக்கலாம். எல்லாரையும் ஏற்ற முடியாதது குற்றமில்லை. ஆனால் சொல்லாமல் போனது? நிறத்தைப் பார்த்து ஏற்றியது? அதற்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து மந்திரி டஃப் கூப்பர் வானொலியில் பேசியபோது, பினாங்கு மக்களைப் பத்திரமாக வெளியேற்றிவிட்டது போல ஒரு பேச்சு பேசினார். கேட்டவர்களுக்கு ரத்தம் கொதித்தது. மக்கள் என்றால் யார் என்பது அந்த ஒரு பேச்சில் தெரிந்துவிட்டது. கவர்னர் ஷென்டன் தாமஸ், இனி வெளியேற்றத்தில் இன வேற்றுமை கூடாது என்று உத்தரவிட வேண்டி வந்தது. தப்பு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நம் சாஸ்திரத்தில் இதற்கு நேரான கதை ஒன்று உண்டு. மகாபாரதத்தின் கடைசியில் தருமர் மட்டும் மிஞ்சி நிற்கிறார். இந்திரன் தேரோடு வருகிறான். கூடவே நடந்து வந்த நாயை ஏற்றக் கூடாது என்கிறான். நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் நின்றுவிடுகிறார். இதை வகுப்பில் சொன்னதும் அதே தங்கச்சி முறைத்தாள். "அப்போ நாம என்ன நாயாண்ணே?" கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கதை நாயைப் பற்றியது இல்லை, தேர் ஏறுகிறவனைப் பற்றியது. தேரில் யாருக்கு இடம் என்று சட்டம் போட்டவன் இந்திரனே ஆனாலும், அந்தச் சட்டத்தோடு நான் ஏறமாட்டேன் என்று சொல்ல ஒரு தருமர் வேண்டும். 1941 டிசம்பரில் படகுத்துறையில் அப்படி மறுத்து நின்றிருக்க வேண்டியது அதிகாரம் கையில் இருந்தவர்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சரவணமுத்து துரோகி இல்லை. அவர் ஜப்பானை விரும்பிக் கொடியை இறக்கவில்லை. பின்னால் ஜப்பானியர் அவரையே பிடித்துச் சிறையில் போட்டார்கள். கொடி ஒரு துணி, அதன் கீழே இருக்கிறவர்களைக் காக்கிறேன் என்ற வாக்குதான் அதற்கு மரியாதை. வாக்கு போன பிறகு துணிக்காக இன்னும் நூறு பேர் சாக வேண்டுமா?

"அப்போ ஜெயிச்சவன் பக்கம் சாய்ஞ்சுக்கலாமா?" என்று தம்பி கேட்டான். அதுவும் இல்லை. இதே பினாங்கில் இன்னொருவர் இருந்தார், வழக்கறிஞர் என். ராகவன். இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். இங்கே சுவராஜ் பயிற்சி நிலையம் நடத்தினார். அங்கே பயின்ற இளைஞர்கள் சிலரை ஜப்பானியர் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பினார்கள். அவர்களில் வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேன் பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரை பிரிட்டிஷார் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு முஸ்லிம், இரண்டு இந்து, ஒரு சீக்கியர். ராகவனுக்குச் சொல்லாமலே ஜப்பானியர் பையன்களை எடுத்துக்கொண்டு போனபோது அவர் நிலையத்தை இழுத்து மூடினார். வீட்டுக் காவலில் வைத்தார்கள். கூட்டாளிதான், ஆனால் என் பிள்ளைகள் உனக்கு விறகு இல்லை என்று சொல்லிவிட்டார். சரவணமுத்து ஓடிப்போன எஜமானிடம் சொன்னதும், ராகவன் கூட நின்ற கூட்டாளியிடம் சொன்னதும் எனக்கு ஒரே வார்த்தையாகத்தான் கேட்கிறது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் இயக்கத்தில் அரிசிப் பொட்டலம் கொடுக்க முடிவு செய்தோம். 10 கிலோ அரிசி, மாவு, எண்ணெய், பருப்பு. பட்டியல் எழுத உட்கார்ந்தோம். கஷ்டப்படும் நம் குடும்பங்களின் பெயர் மளமளவென்று வந்தது. கோயிலுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை பார்க்கும் நேப்பாளிகளும் வங்காளதேசத்துக்காரர்களும் பதினெட்டு பேர் இருந்தார்கள். வேலையில்லை, சம்பளமில்லை, வெளியே வரப் பயம். அவர்கள் பெயரை எழுதலாமா என்று ஒரு தம்பி கேட்டான்.

"முதல்ல நம்ம ஜனத்தைப் பார்ப்போம்ப்பா" என்றார் ஒரு பெரியவர். அவர் கெட்டவர் இல்லை, அவர் சொன்னதிலும் கணக்கு இருந்தது. பொட்டலம் அவ்வளவுதான் இருந்தது. இன்னொரு அக்கா, "அப்ப பத்துக் கிலோவை எட்டாக்குங்க" என்றார். ஒரு மணி நேரம் வாட்சப்பில் வாதம். கடைசியில் எட்டுக் கிலோவானது. பொட்டலம் வாங்கிய நம் குடும்பங்களில் இரண்டு பேர், போன தடவை பத்துக் கிலோ கொடுத்தீங்களே என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தப் பெரியவருக்கும் அக்காவுக்கும் இன்றுவரை சரியான பேச்சுவார்த்தை இல்லை. மாடியில் இருந்தவர்களில் ஒரு நேப்பாளித் தம்பி மட்டும் இன்னும் பினாங்கில் இருக்கிறான். போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றினான், பெரியவர்தான் அவனுக்கு டம்ளர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.